நாய் நடுங்கினால் குளிர் என்று முடிவு கட்டாதீர்கள்: என் பழைய பாடத்துக்கு ஒரு திருத்தம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவள் 1998இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். இப்போது திருப்பூரில் குடித்தனம். பெயரை நான் சொல்லவில்லை, வேண்டுமானால் அவளே கீழே வந்து சொல்லிக்கொள்ளட்டும். வீடியோவில் அவர்கள் வீட்டு வெள்ளைப் பொமரேனியன் நின்ற இடத்திலேயே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு குழந்தைப் போர்வை. அடியில் அவள் எழுதியிருந்தது: "டீச்சர், இங்க மழை. குளிர்ல நடுங்குதுன்னு போர்வை போத்திவிட்டேன், நிக்கவே மாட்டேங்குது. நீங்கதானே நடுக்கம் பாடம் எடுத்தீங்க, சொல்லுங்க."

நீங்கதானே பாடம் எடுத்தீங்க என்ற அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

பாடம் எடுத்தது உண்மைதான். முப்பத்தொரு வருஷம் எடுத்தேன். "உடம்பின் வெப்பம் குறையும்போது தசைகள் வேகமாகச் சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்கும். இதுதான் நடுக்கம்." கரும்பலகையில் ஒரு பையனை வரைந்து அவன் பக்கத்தில் அலை அலையாகக் கோடு போடுவேன். பின் பெஞ்சு பிள்ளைகள் பல்லைக் கிடுகிடுவென்று ஆட்டிக் காட்டுவார்கள், வகுப்பே சிரிக்கும். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. நீங்கள் எல்லோரும் சரியாகத்தான் எழுதினீர்கள். ஆனால் நான் சொல்லிக்கொடுத்தது பாதிப் பாடம். மீதிப் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் மணி. அதற்கு அவன் கொடுத்தது அவன் உயிர்.

மணியைப் பழைய பிள்ளைகளுக்குத் தெரியும். செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய். ட்யூஷன் நடக்கும்போது திண்ணையில் உங்கள் செருப்புகளுக்கு நடுவில் படுத்திருப்பான். 2006ஆம் வருஷம், கார்த்திகை மாதம். சம்பாப் பயிர் இடுப்புக்கு வளர்ந்து நிற்கிற நேரம். அன்றைக்கு மணி எங்கேயோ சுற்றிவிட்டுச் சாயங்காலம் ஈரத்தோடு வந்தான். வயல்பக்கம் போய் வாய்க்காலில் இறங்கியிருப்பான் என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் நடுக்கம் ஆரம்பித்தது. தொடையும் தோளும் துடித்தன. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கொல்லையில் போய் இரண்டு மூன்று தடவை பேதி. நடை தள்ளாடியது. நான் என்ன செய்தேன்? ஈரத்தில் குளிர் கண்டுவிட்டது என்று துண்டால் துவட்டி, சாக்கு விரித்து, என் பழைய சேலையைப் போர்த்தி, பாலை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர், "கண்ணு ஏதோ மாதிரி இருக்கு பாரு, பாப்பா ஊசிமுனை மாதிரி சின்னதா இருக்கு" என்றார். "ராத்திரி நேரத்துல எங்க போறது, காலைல பாத்துக்கலாம்" என்று சொன்னவள் நான்தான். காலையில் பார்க்க அவன் இல்லை.

ரொம்ப நாள் கழித்து, கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்த ஒரு மாணவனிடம் இதைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், அது குளிர் இல்ல. பூச்சிமருந்து."

வயலில் அடிக்கிற பூச்சிமருந்துகளில் ஒரு வகை நரம்புக்கும் தசைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்புவது ஒரு வேதிப்பொருளை. வேலை முடிந்ததும் அதைத் துடைத்துப்போட ஒரு நொதி உண்டு. மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தறியை வைத்துச் சொன்னால் புரியும். மிதியை மிதித்தால் நூல் விலகும், காலை எடுத்தால் திரும்பும். மிதித்த காலை எடுக்கவே இல்லை என்றால்? உடம்பு முழுக்க அதுதான் நடக்கிறது. தசை ஓயாமல் துடிக்கும், எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், பேதியாகும், கண்ணின் பாப்பா சுருங்கும், கடைசியில் மூச்சு நிற்கும். இதற்கு அட்ரோபின் என்ற ஊசி இருக்கிறது. நேரத்தோடு போட்டால் பல நாய்கள் பிழைத்துக்கொள்ளும். மணிக்கு அந்த ஊசி கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான் நடத்திய பாடம். நடுக்கம் என்றால் குளிர் என்று ஊருக்குச் சொன்னவள், என் வீட்டிலும் அதையேதான் பார்த்தேன்.

இதை எழுதுவது அழுகை வரவழைப்பதற்கு இல்லை. இப்போது நம் தெருவில் முன்பைவிட அதிகமாக நாய்கள் இருக்கின்றன, முன்பைவிட அதிகமாகப் போர்வைகளும் இருக்கின்றன. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: நம் டெல்டா ஊர்களில் நாய் நடுங்கினால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது குளிரைத்தான். தாராசுரத்தில் என்ன பெரிய குளிர்? மார்கழி விடியற்காலையில் நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படலாம், அப்போதும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். லாப்ரடார் மாதிரி அடர்ந்த ரோமம் உள்ள நாய்க்கு அது சுகமான காலநிலை. அது இங்கே நடுங்கினால் போர்வை எடுக்க ஓடாதீர்கள்.

குளிருக்கு நடுங்குகிற நாயே கிடையாதா என்றால், உண்டு. ரோமமும் கொழுப்பும் குறைவான கன்னி, சிப்பிப்பாறை மாதிரி ஒல்லி நாய்கள், சின்னஞ்சிறு ஜாதி நாய்கள், குட்டிகள், வயதானவை, அப்போதுதான் குளித்தவை, ஏசி அறையில் டைல்ஸ் தரையில் படுக்கிறவை. துவட்டி, உலர்ந்த இடத்தில் விட்டால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் அது குளிர் இல்லை. பிறந்த குட்டிகள் விஷயத்தில் நேர் எதிர். முதல் சில நாட்கள் அவற்றுக்கு நடுங்கவே தெரியாது. ஈரத் தரையில் விறைத்துப்போய்ச் சத்தமில்லாமல் கிடக்கும். "நடுங்கவில்லை, நன்றாகத்தான் தூங்குகிறது" என்று விட்டுவிடக் கூடாது. பெரிய நாயும் அப்படித்தான், உடம்பு மிகவும் குளிர்ந்துவிட்டால் நடுக்கம் நின்றுபோகும்.

பயப்படத் தேவையில்லாத நடுக்கங்களும் இருக்கின்றன. நீங்கள் வெளியூரிலிருந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள் வாலிலிருந்து மூக்கு வரை நடுங்குமே, அது சந்தோஷம். தூக்கத்தில் கால் துடிப்பது கனவு. பெயரைச் சொன்னால் காதைத் தூக்கிப் பார்க்கும். வயதான நாய்க்கு நிற்கும்போது பின்னங்கால் லேசாக நடுங்கும், எனக்கும்தான் இப்போது நடுங்குகிறது. ஆனால் வயதுதான் காரணமென்று முடிவு கட்டுவதற்குமுன் ஒரு தடவை காட்டிவிடுங்கள், மூட்டுவலியாக இருந்தால் அதற்கு மருந்து உண்டு. இன்னும் சில நாய்கள் கள்ளன்கள். என் மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து விட்ட ப்ரூனோ, நடுங்கினால் மடியில் இடம் கிடைக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறான். பிஸ்கட் டப்பாவின் சத்தம் கேட்டதும் நடுக்கம் நின்றுவிடும்.

இனி பயத்தைப் பற்றி. ஐப்பசி அடைமழையில் இடி, அதே மாதத்தில் தீபாவளி. நாயின் காது நம்முடையதைவிட எவ்வளவோ கூர்மை. நமக்குச் சரவெடி, அதற்கு வீட்டுக்குள் குண்டு விழுவது மாதிரி. கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கி, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, நடுங்கும். இந்த விஷயத்தில் ஒரு தவறான புத்திமதி ரொம்ப நாளாகச் சுற்றுகிறது: "பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் பழகிவிடும், கண்டுகொள்ளாமல் விடணும்." பயம் பழக்கத்தால் வருகிற குறும்பு இல்லை. பக்கத்தில் வந்து ஒண்டினால் கை வைத்துக்கொள்ளுங்கள், தவறே இல்லை. அது ஒளிந்துகொள்ளத் தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து இழுத்து வெளியே போடாதீர்கள். ஜன்னலைச் சாத்தி, டிவியோ மின்விசிறியோ ஓடவிடுங்கள். சங்கிலியில் கட்டி வாசலில் விடாதீர்கள், அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் தீபாவளியன்றுதான் அதிகம் கண்ணில் படுகின்றன. நம் மாநிலத்தில் 2018 முதல் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் எல்லோரும் மதித்தாலே பாதி நாய்கள் தப்பிக்கும். என் தெருவில் யாரும் மதிப்பதில்லை. என் பேரன் உட்பட. ரொம்பவும் பயப்படுகிற நாய்க்கு முன்கூட்டியே கொடுக்க மாத்திரை இருக்கிறது, ஆனால் அதை மருத்துவர்தான் தர வேண்டும். வீட்டில் இருக்கிற தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுகிற வேலை வேண்டாம்.

இப்போது கவலைப்பட வேண்டிய நடுக்கத்துக்கு வருகிறேன். நான் மருத்துவர் இல்லை, விலங்கியல் படித்த பள்ளிக்கூட டீச்சர். மேலே சொன்ன அந்த மாணவனிடம் இந்தப் பதிவை அனுப்பி, அவன் இரண்டு இடத்தில் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த பிறகுதான் போடுகிறேன். (டீச்சருக்குச் சிவப்பு மை போடுவதில் அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?)

முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்தால் நினைவு இருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து, காலை உதைத்து, கண் நிலைகுத்தி, கூப்பிட்டது காதில் விழாமல், தன்னையறியாமல் மூத்திரம் போனால் அது வலிப்பு. மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலும், ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. வலிப்பு என்றதும் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மனுஷனுக்கே அதனால் பிரயோஜனம் கிடையாது. நாயின் வாயில் கரண்டியோ கையோ வைத்தால் உங்கள் விரல்தான் போகும். நாக்கை விழுங்கிவிடும் என்பதும் கதை. சுற்றியுள்ள சாமான்களை நகர்த்தி, விளக்கை மங்கலாக்கி, முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். மருத்துவருக்கு நம் வர்ணனையைவிட அது உதவும்.

அடுத்து, அது இன்றைக்கு எங்கே போனது, எதைத் தின்றது என்று யோசியுங்கள். நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் விடை கிடைக்கும். பூச்சிமருந்தைச் சொல்லிவிட்டேன். மருந்தடித்த அன்று ரோமத்தில் பட்டிருந்தால் அதை நக்கியே உள்ளே போகும். கையில் உறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே கிளம்புங்கள். வரப்பில் எலிக்கு வைக்கிற கறுப்பு மருந்து, துத்தநாக பாஸ்பைடு, சோறோடும் பொரியோடும் கலந்து வைப்பார்கள். வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் அது விஷவாயுவாக மாறும். நடுக்கம், வாந்தி, வாந்தியில் பூண்டு மாதிரி ஒரு வாடை. சாப்பாடு கொடுத்தால் அமிலம் கூடும், ஆகவே பாலும் சோறும் ஊட்டாதீர்கள். அந்த வாடை மனிதருக்கும் ஆகாது, காரில் கொண்டுபோனால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கடையில் கட்டியாக விற்கிற இன்னொரு எலிமருந்து வேறு மாதிரி. தின்ற அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. சில நாள் கழித்து இரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்து, ஈறு வெளுத்து, சோர்ந்து, நடுங்கும். அதற்கு வைட்டமின் கே மருந்து. தின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நோய் தெரியும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைச் சில வருஷங்களுக்கு முன் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள், மனிதர்கள் செத்ததால். பழைய ட்யூப் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் நாய்க்கும் பிள்ளைக்கும் எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள், அதற்கு மாற்றுமருந்தே இல்லை. எது தின்றிருந்தாலும் உறையையோ மிச்சத்தையோ கையோடு எடுத்துப்போனால் மருத்துவர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் விஷம் இருக்கிறது. கும்பகோணத்துக்காரர்களுக்குக் கோபம் வந்தாலும் சொல்கிறேன்: நாய்க்கு டிகிரி காபி வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் தினமும் டபராவில் மிச்சம் வைத்து ப்ரூனோவுக்கு ஊற்றுவார். "அதுவும் நம்மூர்க்காரன்தானே." காபித்தூளில் இருக்கிற காஃபீனும், சாக்லேட்டில் இருக்கிற தியோப்ரோமினும் நாயின் உடம்பில் சீக்கிரம் கரையாது. இதயம் படபடத்து, நடுங்கி, அளவு மீறினால் வலிப்பு வரை போகும். கறுப்புச் சாக்லேட் ரொம்ப மோசம். சிங்கப்பூரிலிருந்து வருகிற பிள்ளைகள் பெட்டியைத் திறந்துபோட்டு வைப்பதை நினைத்துப் பாருங்கள். சர்க்கரையில்லாத சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் இருக்கும். அது நாயின் இரத்தச் சர்க்கரையை அரைமணி, ஒரு மணிக்குள் சடாரென்று இறக்கிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது மாத்திரை விஷயத்தில். உடம்பு சுடுகிறது, நடுங்குகிறது, "ஒரு பாராசிட்டமால் போடுங்க" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். நாயின் கல்லீரலால் மனிதர் அளவைத் தாங்க முடியாது, பூனைக்கு ஒரு மாத்திரையே எமன். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசியவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மேலும், நாயின் இயல்பான சூடு நம்முடையதைவிட அதிகம், 100.4 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. தொட்டுப் பார்த்தால் எந்த நாயும் நமக்குச் சுடும். மூக்கு காய்ந்திருப்பதும் காய்ச்சலுக்கு அடையாளமில்லை.

காய்ச்சல் நடுக்கத்தில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று உண்ணிக் காய்ச்சல். காதுமடல், விரலிடுக்கு, வாலின் அடி, அங்கெல்லாம் பாருங்கள். சோறு வேண்டாம் என்று படுத்து, ஈறு வெளுத்து, மூத்திரம் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அன்றைக்கே காட்ட வேண்டும். இரண்டாவது எலிக்காய்ச்சல். வயலிலும் தேங்கிய தண்ணீரிலும் எலி மூத்திரம் கலந்து, அதில் நடந்த நாய்க்கு வரும். காய்ச்சல், நடுக்கம், தசைவலி, வாந்தி, பிறகு கண்ணும் ஈறும் மஞ்சள். அந்த நாயின் மூத்திரத்திலிருந்து நமக்கும் வரலாம், ஆகவே வெறுங்கையால் கழுவாதீர்கள். இதற்குத் தடுப்பூசி உண்டு, வருஷாவருஷம் போட வேண்டும். ஆறு பெருகி வயல் முங்குகிற ஊரில் இருந்துகொண்டு இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

குட்டி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமல், பேதி என்று கிடந்த குட்டி தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்ட சில வாரத்தில், ஒரு காலோ தாடையோ கடிகார முள் மாதிரி விடாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். தூங்கும்போதும் நிற்காது. அது டிஸ்டெம்பர் வைரஸ் நரம்புக்குப் போய்விட்டதன் அடையாளம். வைரஸைக் கொல்ல மருந்தில்லை. ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, நான்கு மாதம் ஆகும்வரை ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் வராது. ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு "ஊசி போட்டாச்சு" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

வெறிநோயைச் சொல்லாமல் விட முடியாது. குணம் திடீரென்று மாறி, எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் தள்ளாடும் நாயின் வாயில் "எலும்பு மாட்டியிருக்கும்" என்று கையை விடாதீர்கள். கடித்தாலோ, கீறினாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

சரி, திருப்பூர் பொமரேனியனுக்கு வருவோம். நான் பதில் எழுதவில்லை, உடனே போன் போட்டேன். என்ன சாப்பிட்டது? வழக்கமான சோறுதான். வெளியே போனதா? இல்லை, குட்டிகளை விட்டு நகரவே மாட்டேங்குது டீச்சர். எந்தக் குட்டிகள்? "போட்டு மூணு வாரம் ஆச்சு, அஞ்சு குட்டி."

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம் வீடுகளில் கறவை மாடு வைத்திருந்தவர்களுக்குப் பால்காய்ச்சல் தெரியும், கன்று போட்ட மாடு எழ முடியாமல் படுத்துவிடும். பாலோடு சுண்ணாம்புச்சத்து போய்விடுவதால் வருவது. மாடு துவண்டு விழும். நாய் விறைத்து நடுங்கும். சின்ன ஜாதி, நிறையக் குட்டி, இரண்டு மூன்று வாரம் பால் கொடுத்த தாய், இதுதான் வழக்கமான கதை. இரைக்கும், நிலைகொள்ளாது, கால் விறைக்கும், உடம்பு கொதிக்கும். இதில் போர்வை போட்டால் சூடு இன்னும் ஏறும். "போர்வையை எடு, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரி, இப்பவே டாக்டர்கிட்ட போ" என்றேன். "காலைல போகலாமா டீச்சர், மழை..." என்று இழுத்தாள். முப்பத்தொரு வருஷத்தில் எந்தப் பிள்ளையையும் அப்படி அதட்டியதில்லை.

இரண்டு இடத்தில் கதவு சாத்தியிருந்தது. மூன்றாவது இடத்தில் ஒரு மருத்துவர் இறங்கிவந்து திறந்திருக்கிறார். கால்சியத்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றினாராம். ஊசி முடிவதற்குள் நடுக்கம் அடங்கிவிட்டது. இப்போது குட்டிகளுக்குப் பாட்டில் பால். இதைப் படித்துவிட்டுச் சினை நாய்க்குக் கால்சியம் டானிக் ஊற்ற ஆரம்பித்துவிடாதீர்கள். சினைக்காலத்தில் அளவுக்குமேல் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை மறந்து, குட்டி போட்டபின் இதே தொல்லை வரலாம். சிவப்பு மை போட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

கடைசியாக, வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறை. கொரோனா ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது ஆசையாக நாய் வாங்கினீர்கள். ஆபீஸ் திறந்ததும், ஃபாரின் போனதும், அந்த நாய் கும்பகோணம் பஸ் ஏறிவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் நான்கு நாய்கள் தாத்தா பாட்டிகளிடம் இருக்கின்றன. ப்ரூனோ ஐந்தாவது. பாசமாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் முப்பது கிலோ நாய் ராத்திரி நடுங்கினால், முட்டிவலிக்காரி எப்படித் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவது? தடுப்பூசி அட்டை உங்கள் பெங்களூர் அலமாரியில் இருக்கிறது. எடை எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டால், உங்களுக்கு அங்கே நடுராத்திரி. பணம் அனுப்புகிறீர்கள், சரி. அட்டையையும் அனுப்புங்கள். அதோடு, ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற ஒரு ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

"ஒரு நாய்க்குப் போய் இவ்வளவு செலவா" என்று கேட்கிற உறவுக்காரர்களும் இதைப் படிப்பீர்கள். நான் சண்டைக்கு வரவில்லை. கன்றுக்குட்டி நடுங்கினால் நீங்கள் விடியும்வரை காத்திருக்க மாட்டீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

நம் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே சிகிச்சைப் பிரிவும் உண்டு. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் 1962 என்ற எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கால்நடை மருத்துவ வண்டிக்கு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு நாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவருக்கு அறுபது கிலோமீட்டர் என்பது ரொம்ப தூரம். பேரூராட்சியாக இருந்த நம் தாராசுரம் இப்போது கும்பகோணம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மாநகராட்சி என்று பெயர் வந்த ஊரில் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு கால்நடைப் பிரிவு கேட்பது பேராசை இல்லை. இதற்கு ஒரு மனு எழுதிவைத்திருக்கிறேன். ஊரில் இருக்கிறவர்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள், எந்தச் சாயங்காலமும் வீட்டில்தான் இருப்பேன். தமிழ் டீச்சர் யாராவது வந்தால் பிழையும் பார்த்துக் கொடுக்கலாம்.

அதுவரை, உங்கள் ஊரில் ராத்திரியில் கதவு திறக்கிற கால்நடை மருத்துவமனை எது என்று கீழே எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு. மருத்துவரின் சொந்த எண்ணை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். நான் ஊர்வாரியாகத் தொகுத்து அடுத்த ஞாயிறு போடுகிறேன். திருப்பூருக்கு ஒரு பெயர் ஏற்கனவே கிடைத்துவிட்டது.

இங்கே மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, முதல் இடி இடித்துவிட்டது. ப்ரூனோ என் கால்மாட்டில் வந்து ஒண்டிக்கொண்டு நடுங்குகிறான். பிஸ்கட் டப்பாவை ஆட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஜன்னலைச் சாத்தப் போகிறேன்.